தீயணைப்பு வண்டி யார் பணத்தில் ஓடுகிறது?



இன்றைய பேச்சு வரியைப் பற்றியது. வரி என்றதும் சிலருக்கு எழுந்து போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் தீயைப் பற்றிப் பேசுவோம். வரி தானாக வந்து சேரும்.

ஒரு கிராமத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். சாந்திபுரம் மண்டலத்தில் எந்தக் கிராமமாகவும் இருக்கலாம். கேழ்வரகு அறுத்து அடித்தாயிற்று. தாளை வீட்டோரம் போர் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. அதற்கு அடுத்து பட்டுப்புழு மனை. குளிர் காலம் என்பதால் புழுவுக்குச் சூடு வேண்டும். உள்ளே கரி அடுப்பு புகைந்துகொண்டிருக்கிறது. தெருவில் ஒரு டிராக்டர், வைக்கோல் பாரம் ஏற்றி, மின்கம்பி உரசும் உயரத்தில் ஆடி ஆடி வருகிறது. ஒரே ஒரு பொறி விழுந்தால் போதும்.

வைக்கோலில் பிடித்த தீ காத்திருக்காது. முதலில் போர். பிறகு கொட்டகைக் கூரை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் குடிசை. மாட்டை அவிழ்த்து விடுவதற்குள் கயிறு எரிந்துவிடும். குடிசை எரிந்தால் கூரை மட்டும் போவதில்லை. டிரங்குப் பெட்டி போகிறது. அதற்குள்ளே ரேஷன் கார்டு, பட்டா புத்தகம், பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். கூரையை ஒரு வாரத்தில் மறுபடி போட்டுவிடலாம். காகிதங்களை வாங்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

யாரோ ஒருவர் 101-க்குப் போன் செய்கிறார். வண்டி எங்கிருந்து வரும்? இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பெரும்பாலும் குப்பத்திலிருந்துதான் வரவேண்டும். பெரிய சாலையில் வரும்வரை வேகமாக வரும். பிறகு கிராமத்துச் சாலை. பிறகு சந்து. சந்தின் வாயிலில் யாரோ கட்டை வண்டியை நிறுத்தியிருப்பார்கள்.

மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்துக்குள் வண்டி வரவேண்டும். கிராமத்தில் 20 நிமிடத்துக்குள். கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 50 சதுர கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளம், ஏழு கிலோமீட்டர் அகலம். அவ்வளவு நெருக்கமாக நிலையம் உள்ள கிராமப்புறம் நாட்டில் அபூர்வம். 20 நிமிடமே வைக்கோல் போருக்கு நீண்ட நேரம். அதுகூடப் பல ஊர்களுக்கு எட்டாத கனி.

ஏன் நிலையங்கள் குறைவு? பணம் இல்லை என்பார்கள். யாரிடம் பணம் இல்லை? யார் கொடுக்க வேண்டிய பணம்? இதைத்தான் இன்று பார்க்கிறோம்.

ஆந்திரப் பிரதேசத்தில் தீயணைப்பு மாநில அரசின் துறை. இதற்கென்று 1999-இல் தனிச் சட்டம் வந்தது. வீரர்களின் சம்பளம், வண்டி, டீசல், குழாய் எல்லாம் மாநில அரசின் பணம். அந்தப் பணம் யாருடையது? சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறோம். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறோம். ஆக, வண்டிக்கு எல்லோரும் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீயை அணைக்க வந்த வீரர் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் அவர் கேட்கமாட்டார்.

இனி அரசியல் சட்டத்துக்கு வருவோம். 1992-இல் நாடாளுமன்றம் இரண்டு திருத்தங்களை நிறைவேற்றியது. இரண்டும் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. 73-ஆவது திருத்தம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு. 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு. எந்தெந்த வேலைகளை அவற்றிடம் ஒப்படைக்கலாம் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. நகராட்சிப் பட்டியலில் 18 வேலைகள். அவற்றில் ஏழாவது தீயணைப்பு. பஞ்சாயத்துப் பட்டியலில் 29 வேலைகள். வயது வந்தோர் கல்வி இருக்கிறது. நூலகம் இருக்கிறது. எரிபொருளும் தீவனமும் இருக்கின்றன. அந்த எரிபொருளும் தீவனமும் பற்றிக்கொண்டால் அணைக்கிற வேலை மட்டும் பட்டியலில் இல்லை!

குப்பம் 2020-இல் நகராட்சி ஆயிற்று. சாந்திபுரம் கிராமப் பஞ்சாயத்து. பட்டியல்படி பார்த்தால் தீயணைப்பு குப்பத்தின் வேலையாக ஆகலாம். சாந்திபுரத்தின் வேலையாக ஆவதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. இப்போது மாநில அரசு எல்லோருக்கும் சேர்த்துச் செய்வதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஒருவேளை மாநிலம் இந்த வேலையை நகராட்சிகளிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? நகரத்து மக்களின் வீட்டு வரியில் வண்டி ஓடும். அப்போது, "கிராமத்துக்காரர்கள் எங்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்று நகரம் கேட்கலாம்.

இப்படிக் கேட்ட நகரம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறிய நகரம். அதற்குச் சொந்தமாகத் தீயணைப்பு வண்டி இருந்தது. நகரத்துக்குள்ளே இருப்பவர்கள் நகர வரி கட்டினார்கள். சுற்றியுள்ள கிராமப்புறத்தில் தீயணைப்புக்கென்று வரி இல்லை. "எங்கள் வண்டி உங்களுக்கும் வரவேண்டுமானால் வீட்டுக்கு வருடம் 75 டாலர் சந்தா கட்டுங்கள்" என்றது நகரம். 2010 செப்டம்பரில் கிராமப்புறத்தில் ஒரு வீடு தீப்பிடித்தது. அந்த வீட்டுக்காரர் அந்த வருடச் சந்தா கட்டவில்லை. போன் செய்தார். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். வண்டி வரவில்லை. பிறகு தீ பக்கத்து நிலத்துக்குப் பரவியது. அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியவர். இப்போது வண்டி வந்தது. வீரர்கள் இறங்கி, சந்தா கட்டியவரின் நிலத்தைக் காப்பாற்றினார்கள். கட்டாதவரின் வீடு அவர்கள் கண்முன்னே எரிந்து முடிந்தது. மூன்று நாய்களும் ஒரு பூனையும் உள்ளேயே செத்துப்போயின.

அமெரிக்கா முழுக்க இதைப் பற்றிப் பேசினார்கள். சிலர் அந்த வீரர்களைத் திட்டினார்கள். சிலர், "சந்தா கட்டாதவனுக்கும் அணைத்தால் நாளை யார் சந்தா கட்டுவார்கள்?" என்றார்கள். இரண்டாவது கேள்வியைக் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. தீப்பிடித்த பிறகு பணம் கட்டலாம் என்றால் எவரும் முன்கூட்டியே கட்டமாட்டார்கள். அப்புறம் வண்டி வாங்கப் பணமே இருக்காது. தவறு வீரர்களிடம் இல்லை. தீயணைப்பைச் சந்தாவாக வைத்ததுதான் தவறு. 2011-இல் அதே நகரத்தின் வண்டி இன்னொரு வீட்டின் எதிரிலும் இப்படியே நின்றது. அதன் பிறகுதான், 2012-இல், விதியை மாற்றினார்கள்.

சந்தா வேறு, வரி வேறு. சந்தா என்பது விருப்பம் இருந்தால் கட்டுவது. வரி என்பது எல்லோரும் கட்டுவது. எல்லோரும் கட்டுவதால், வண்டி எந்த வீட்டின் முன்னும் நின்று ரசீது கேட்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை இலண்டன் நகரம் கற்றுக்கொள்ள இருநூறு வருடம் பிடித்தது. 1666-இல் அங்கே பெருந்தீ. பதின்மூன்றாயிரம் வீடுகள் எரிந்தன. அதன் பிறகு வீட்டுக்குக் காப்பீடு செய்யும் கம்பெனிகள் தோன்றின. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகத் தீயணைப்பு ஆட்களை வைத்துக்கொண்டது. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் உலோக முத்திரையை அடித்தார்கள். முத்திரை இல்லாத வீட்டை எரியவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையா என்று வரலாறு எழுதுபவர்களுக்கே சந்தேகம். எப்படியானாலும் கம்பெனிக்கு வேண்டியது தன் பணம். ஏழையின் வீட்டுக்குக் காப்பீடு இல்லை. 1833-இல் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஒரே படை அமைத்தன. 1861 ஜூன் மாதம் தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருக் கிடங்குகள் தீப்பிடித்தன. இரண்டு வாரம் எரிந்தது. படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெயிட்வுட் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. "இது இனி எங்களால் ஆகாது, அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும்" என்றன.

1865-இல் சட்டம் வந்தது. பணத்தை மூன்று பேர் தரவேண்டும். வீட்டு வரியில் பவுனுக்கு அரைப் பென்னி. கம்பெனிகள் தாங்கள் காப்பீடு செய்த ஒவ்வொரு பத்து லட்சம் பவுனுக்கும் 35 பவுன். அரசாங்கம் வருடத்துக்குப் பத்தாயிரம் பவுன். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 480 அரைப் பென்னி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு நூறு ரூபாய் என்றால் இருபது பைசாவுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். இதுவும் போதவில்லை என்று படை பல வருடம் முறையிட்டது. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. வாசலில் முத்திரை உண்டா என்று பார்க்கும் காலம் போயிற்று.

நம் நாட்டிலும் இந்த வழி இருக்கிறது. மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாகத் தீயணைப்புப் படை உண்டு. 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்திலேயே, கட்டடங்களுக்குப் போடும் பொது வரியோடு தீயணைப்புச் செலவுக்கென்று ஒரு பங்கைச் சேர்க்க இடம் வைத்தார்கள். அதற்குத் தீ வரி என்று பெயர். புனே நகரத்து வீட்டு வரியிலும் தீ வரி உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சிக் காட்டுவார்களே, அது இதற்காகத்தான்.

மும்பை எங்கே, சாந்திபுரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மும்பையில் மாடி மேல் மாடி. ஒரு கட்டடத்தின் வரியே பல லட்சம். இங்கே?

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரசீது தெலுங்கில் இருக்கும். "இன்டி பன்னு" என்று முதலில் இருக்கும். அதுதான் வீட்டு வரி. வேறு சில வரிகளும் இருக்கும். அவற்றில் "கிரந்தாலய பன்னு" என்று ஒன்றைத் தேடுங்கள். அது நூலக வரி. ஒரு ரூபாய் வீட்டு வரிக்கு 8 பைசா. 1960-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வாங்குகிறார்கள். 500 ரூபாய் வீட்டு வரி கட்டுபவர் 40 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் அவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இந்தப் புத்தகம் போன்றவற்றை வைத்திருக்கும் நூலகம் அவருடைய பணத்திலும் நடக்கிறது. இதுவரை நூலகத்துக்குள் போகாதவர்கள் இனி உரிமையோடு போகலாம்.

நூலக வரி இருப்பதைப்போலத் தீயணைப்புக்கும் ஒரு சிறு பங்கு இருந்தால்? நூலக வரியில் கால் பங்கு போதும் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு 2 பைசா. 500 ரூபாய் கட்டும் வீட்டுக்கு வருடம் 10 ரூபாய். ஒரு பஞ்சாயத்தில் 800 வீடுகள், எல்லா வீட்டுக்கும் சராசரி 500 ரூபாய் வரி என்று எண்ணுங்கள். வருடத்துக்கு 8,000 ரூபாய் சேரும். இருபது பஞ்சாயத்துகள் சேர்ந்தால் 1,60,000 ரூபாய்.

இந்தப் பணத்தில் ஒரு நிலையம் நடத்த முடியுமா? முடியாது. ஒரே ஒரு வீரரின் வருடச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. வண்டியின் விலை பல பத்து லட்சம். இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும். டிரைவர் வேண்டும். ஆகவே, கிராமத்து வீட்டு வரியில் தீயணைப்பு நிலையம் வைத்துவிடலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். குடிசையும் ஓட்டு வீடும் உள்ள ஊரில் வீட்டு வரி எவ்வளவு வரும்? அதிகமாக எரிவது கூரை வீடு. குறைவாக வரி கட்டுவதும் கூரை வீடு. பணம் உள்ள இடத்தில் வண்டி, தீ உள்ள இடத்தில் வெறுங்கை என்று ஆகிவிடும்.

அதனால் வண்டிக்கும் சம்பளத்துக்கும் மாநில அரசும் மத்திய அரசும்தான் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியும் இருக்கிறது. 15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்பை விரிவாக்கவும் புதுப்பிக்கவும் 5,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு அதற்கான திட்டத்தைத் தொடங்கியது. மலை மாநிலங்களும் வடகிழக்கு மாநிலங்களும் தவிர மற்ற மாநிலங்கள் தங்கள் பங்காக 25 சதவீதம் போடவேண்டும். நாடு முழுவதற்கும் இதைப் பிரித்தால் ஒரு மண்டலத்துக்கு எவ்வளவு வரும் என்று நினைத்து யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆனால் "எங்கள் மண்டலத்துக்கு நிலையம் கொடுங்கள்" என்று மனு எழுதும்போது, இந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதலாம்.

அப்படியானால் அந்த 8,000 ரூபாய் எதற்கு? வண்டி வரும்வரை உள்ள நேரத்துக்கு. அந்த நேரம் முழுவதும் கிராமத்தின் கையில்தான் இருக்கிறது. முதல் வருடம் இருபது இரும்பு வாளி, எரியும் கூரையை இழுத்துத் தள்ள இரண்டு நீளத் துறட்டி, ஓர் ஏணி. எல்லாம் ஒரே இடத்தில், பூட்டாமல் இருக்க வேண்டும். பூட்டி வைத்துவிட்டுச் சாவி வைத்திருப்பவர் சந்தைக்குப் போய்விட்டால் பயனில்லை. அடுத்த வருடம் போர்வெல் மோட்டாரில் மாட்டுகிற மாதிரி நீளமான குழாய். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. அதனால் டீசலில் ஓடும் சிறு பம்பு ஒன்று, மூன்று நான்கு பஞ்சாயத்துகள் சேர்ந்து வாங்கலாம். டிராக்டர் பின்னால் இழுக்கும் தண்ணீர்த் தொட்டி பல ஊர்களில் இருக்கிறது. கோடையில் குடிநீருக்கு ஓடுகிற அதே தொட்டி, பம்பு இருந்தால் தீக்கும் ஓடும். குப்பம் நிலையத்து வீரர்களைக் கூப்பிட்டு வருடம் ஒருமுறை இளைஞர்களுக்குப் பயிற்சி தரச் சொல்லலாம். மின்கம்பி அறுந்து விழுந்த இடத்தில் லைன்மேனுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை இன்னும் பலர் அறியவில்லை.

இந்த வரியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. மறைப்பதில் பொருள் இல்லை.

ஒன்று, யார் கட்டுவது? வாங்கினால் மாடி வீட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அரிசி ஆலைக்கும் அதிகமாக வாங்க வேண்டும். கூரை வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மாடி வீட்டுக்காரர், "என் வீடு சிமெண்டு, எனக்கு ஏன் வரி?" என்று கேட்கலாம். அவர் வீட்டுக்குள்ளும் காஸ் சிலிண்டர் இருக்கிறது. அவருடைய மாடு நிற்பது கொட்டகையில். கிணற்றில் மாடு விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் கயிறு கட்டி இறங்குவது இதே தீயணைப்பு வீரர்தான்.

இரண்டாவது சிக்கல் பெரியது. பணம் வசூலாகும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா? நூலக வரியிலேயே இந்தப் புகார் உண்டு. பல ஊர்களில் நூலகத்துக்கென்று வாங்கிய பணத்தை உள்ளாட்சிகள் வேறு செலவுக்கு எடுத்துவிடுகின்றன. நூலகத்துக்குப் பாக்கி வருடக்கணக்கில் நிற்கிறது. தீயணைப்புப் பங்கும் தெருவிளக்குக்கோ அலுவலகத்து நாற்காலிக்கோ போய்விட்டால், பத்து ரூபாயும் போயிற்று, வாளியும் வரவில்லை என்று ஆகும். அதனால் தனிக் கணக்கு வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் தெலுங்கிலும் தமிழிலும் எழுத வேண்டும். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இப்போது முன்பைவிட அதிகம்.

ஒரு பஞ்சாயத்து நினைத்தவுடன் புதிய வரி போட்டுவிட முடியாது. மாநிலச் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும். ஆனால் கிராம சபையில் கேள்வி கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. சர்பஞ்சிடம் கேளுங்கள்: போன வருடம் நூலக வரி எவ்வளவு வசூல் ஆயிற்று, எவ்வளவு அனுப்பினீர்கள்? ஊரில் தீப்பிடித்தால் எடுக்க என்ன இருக்கிறது? வண்டி வந்தால் எங்கே தண்ணீர் நிரப்பும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு 2 பைசா கொடுக்கலாமா வேண்டாமா என்று பேசலாம்.

புதன்கிழமை வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவாருங்கள். ரசீது தொலைந்தவர்கள் சச்சிவாலயத்தில் நகல் கேளுங்கள். "கிரந்தாலய பன்னு" என்ற வரியைக் கண்டுபிடித்து, தொகையை நோட்டில் எழுதி, நான்கால் வகுக்க வேண்டும். வகுத்தல் வராதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிக் கொடுப்பார்.